லுங்கி காத்த படலம்

உலகத்தீரே, செவி சாய்ப்பீர்! கல்லுக்கு அஞ்சாத நெஞ்சினன், கல்லும் அஞ்சும் கையினன், கீற்றுக்கொட்டகையே கொலுமண்டபமாக, கிழிந்த கோணியே அரியணையாக வீற்றிருந்து தன் உளியோசையால் அலையோசையை அடக்கியவன், மாமல்லபுரத்துச் சிற்பவேந்தன் தேவசகாயம் வாழ்க! ஒற்றை லுங்கியின் பொருட்டு அவன் தன் இல்லத்தரசியோடு பொருத பெரும்போருக்கு நிகரானதொன்று, வடக்கே முட்டுக்காட்டு உப்பங்கழிமுதல் தென்மேற்கே மதுராந்தகத்து ஏரிக்கரைவரை, எக்காலத்தும் எவராலும் நிகழ்த்தப்பட்டதில்லை என்று முதற்கண் அறிவித்துக்கொள்கிறோம்.

அந்த லுங்கியோ நீலக் கட்டமிட்டது. துவைத்துத் துவைத்துத் தென்றலினும் மெலிந்து, இடுப்பில் இருக்கிறதா இல்லையா என்று உடுத்தியவனே அவ்வப்போது குனிந்து பார்த்துத் தெளியும் நுண்மை எய்தியது. அமருமிடத்தில் மட்டும் காற்று வந்து போக ஒரு சாளரம் உடையது. கல்தூள் படிந்த பகலெல்லாம் கால்சட்டைக்குள் வெந்த சிற்பவேந்தன், மாலையில் குளித்து அதை உடுத்தி மின்விசிறியின் கீழ் சாயும் கணத்தில் எய்தும் பேரின்பத்தை மோட்சம் என்று பிறர் சொல்லக்கூடும். அவன் லுங்கி என்றான்.

பகைவர் யார் எனில், அவன் மனைவி ரூத். கத்தரிக்கோல் ஏந்திய கையாள், எதையும் வீசியெறியாத விரதத்தாள். சுற்றுலாப் பயணிகளுக்கு உல்லன் சட்டை பின்னி விற்கும் கடையொன்று தேவசகாயத்தின் பட்டறையை ஒட்டி இருந்தது. மதியச் சோறு கொண்டுவரும்போதெல்லாம் ரூத் அக்கடையின் குப்பைக் கூடையண்டை குனிந்து, வெட்டியெறிந்த நூல்துண்டுகளை முத்துக்குளிப்பவள்போல் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். அடுத்த கொட்டகைச் சிற்பி காசிநாதன் அதைக் கண்டு மீசைக்குள் சிரிப்பான். சிற்பவேந்தன் கூசிக் குறுகி, இல்லாத பிசிறொன்றைச் சிலையில் தேடித் தட்டுவான்.

அந்நூல்கள் வீடு சேர்ந்து படையாகப் பெருகின. ஊறுகாய்ப் பாட்டில்கள் பூச்சட்டை அணிந்தன. உடைந்த வளையல்கள் உல்லன் சுற்றிக்கொண்டு சுவரேறித் தொங்கின. கிழிந்த நைட்டிகள் சடைசடையாகப் பின்னப்பட்டு, வட்டமாகச் சுருண்டு, அறைதோறும் கால்மிதிகளாகக் காவல் கிடந்தன. சித்திரை வெயிலில் சுவரே வியர்க்கும் அவ்வூரில் டிவி ரிமோட் ஸ்வெட்டர் போட்டிருந்தது. கண்ணைத் திருப்ப வேறிடம் இன்மையால், ரூத் பின்னுவதை மாலைதோறும் பார்த்தபடியே தேவசகாயம் அவளை ஏளனம் செய்தான்.

ஒருநாள் அவன் எழுந்து நின்று, லுங்கியை மடித்துக் கட்டி, முழங்கினான்:

"வேணாங்கறத்த தட்டிக் கடாசுனாதான் சிலை! நீ இன்னாடான்னா வேணாங்கறத்தயெல்லாம் சேத்துகினு கீற. அதுக்குப் பேரு குப்ப! இது உளி புடிச்ச கை. செத்தாலும் நூல் பொறுக்காது!"

ரூத் தலை நிமிராமலே சொன்னாள்: "யோவ், மொதல்ல அந்த லுங்கிய கய்ட்டு. மாவு சலிக்கலாம் போலக் கீது. கால்மிதி பாதில நிக்குது, நீலம் பத்தல."

மூண்டது போர். அவன் லுங்கியை அலமாரியின் பின்னே ஒளித்தான். பெருக்க வந்தவள் கண்டெடுத்தாள். மீட்டு அரிசி டிரம்மில் புதைத்தான். உலை வைக்க வந்தவள் தோண்டியெடுத்தாள். இறுதியில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த பட்டப்பகலில், லுங்கியின் விளிம்பு கத்தரிக்கோலின் இரு பற்களுக்கிடையே, முதலைவாய்ப்பட்ட வேழத்தின் கால்போல் சிக்கி நின்றது. மின்விசிறி ஓய்ந்தது, மின்வெட்டு. அக்கணத்தில் சிற்பவேந்தன் இரு கையும் உயர்த்தி உடன்படிக்கை கூவினான்:

"டயரு! பட்டறையாண்ட கீதே ஸ்கூட்டர் டயரு, அத்த எட்த்துக்கோ! உல்லன் சுத்தி ஸ்டூல் செய்யணும்னு கேட்டுகினே இருந்தியே!"

"அப்பால பேச்சு மாற மாட்டியே?"

"தேவன் சாட்சி!"

கத்தரிக்கோல் மூடியது. மறுநாள் மதியம் ரூத் சோற்றைக் கொடுத்துவிட்டு டயரை உருட்டிக்கொண்டு போனாள். இனி வீட்டை நம்பேன் என்று லுங்கியைத் தன் வண்டி சீட்டுக்கடியில் பூட்டி வைத்திருந்த வேந்தன், வென்றவன் ஏப்பத்தோடு வேலைக்குத் திரும்பினான்.

அவன் முன் மாவுக்கல் புத்தர் தலையொன்று இருந்தது. முகம் முடிந்து, வெண்ணெய்போல் பளபளத்தது. பின்னந்தலைச் சுருள்முடிதான் பாக்கி. மாலையில் வாங்குபவரின் வேன் வரும். அவர் இந்தத் தலையைப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டல் வாசலுக்கு வேண்டிய மற்ற சிலைகளை யாரிடம் கொடுப்பதென்று சொல்வார். தேவசகாயம் தலையை முகங்குப்புறக் கவிழ்க்க அணைத்துத் தூக்கினான். தூக்கியவன் தூக்கியபடியே நின்றான்.

தலைகளைக் கவிழ்ப்பது அந்த டயரின்மேல்தான். நெற்றியும் தாடையும் ரப்பரில் அமர, மூக்கு நடுப்பள்ளத்தில் அந்தரத்தில் நிற்கும். இவ்வுண்மையை அவன் கை அறிந்திருந்தது. உடன்படிக்கை கூவிய வாய் அறிந்திருக்கவில்லை. தரையில் வைத்தால் மூக்கு போகும். கல்துகள் ஏறிய கோணியில் வைத்தால் கன்னம் கீறும். வீட்டுக்கு ஓடி டயரைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் மானம் போகும்.

"டயரு இன்னா ஆச்சு அண்ணாத்த?" என்றான் காசிநாதன்.

"வூட்டுக்குப் போச்சு."

"அங்க எந்தச் சாமி தல கவுந்து கீது?"

"உன்னுத குடேன் மச்சான்."

"என்னுதுல நந்தி குப்புறப் படுத்துகினு கீது. நாளைக்குத்தான் எய்ந்துக்கும்."

சிற்பவேந்தன் தலையை நிமிர்த்தி வைத்தான். புத்தர் புன்னகைத்தார், அது அவன் செதுக்கிய புன்னகையே ஆதலால் குற்றம் சொல்ல வழியில்லை. குலக்கொடியைக் களப்பலி கொடுக்கச் செல்லும் கோமகன்போல் அவன் வண்டியை அணுகி, சீட்டைத் தூக்கி, நீலக் கட்டத்தை மார்போடு அணைத்தான். பின்பு சாளரத்தில் விரலை விட்டுக் கிழித்தான். நெடுநாள் உழைத்த துணியாதலால் ஓசைகூட எழவில்லை.

கோணியைச் சுருட்டி வளையமாக்கினான். அதன்மேல் போர்த்த லுங்கிப் பட்டைகளை மூன்று மூன்றாகச் சேர்த்துப் பின்னலானான். மாலைதோறும் ஏளனக் கண்ணால் பார்த்த பின்னல் விரல்களுக்குத் தானே வந்தது. ஒரு சடை கோணியது; அவிழ்த்து மறுபடி பின்னினான்.

"இன்னா அண்ணாத்த, பூ கட்டிகினு கீற?"

வளையம் திரண்டது, மென்மையாக, வட்டமாக, மூக்குக்கு வேண்டிய பள்ளத்தோடு. ஆனால் நைந்த துணி முடிச்சைத் தாங்காமல் நுனிகள் ஒவ்வொன்றாக நழுவின. இறுக்கிக் கட்ட ஒன்று வேண்டும். அவன் இடப்புறம் பார்த்தான், காசிநாதன் பார்த்துக்கொண்டிருந்தான். காசிநாதன் டீ குடிக்கப் போகும்வரை, வேந்தன் ஆழ்ந்த சிந்தனையில் இருப்பவனாகக் கடலை நோக்கி அமர்ந்திருந்தான்.

பிறகு பக்கத்துக் கடைக் குப்பைக் கூடையண்டை குனிந்து, நீல உல்லன் இருக்கிறதா என்று தேடினான்.