செக்கிங்கில் மாட்டிய சங்கராத் தலை

எட்டு வருஷம் ஐஸ் ஃபேக்டரியில் குப்பை கொட்டியவனுக்கு ஐஸைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றால் எங்கள் காசிமேட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். நானே ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆள் நான்தான்.

படகுகளுக்குப் போகிற ஐஸ் பார்களை கேனிலிருந்து எடுத்து இறக்குவது என் வேலை. இருபத்தாறு வயதில் எனக்கிருந்த நினைப்பு என்னவென்றால், உலகத்தில் எது கெட்டுப்போகிற மாதிரி இருந்தாலும் மேலே ரெண்டு கூடை ஐஸைக் கொட்டினால் போதும். (மீனுக்குச் சரி. மனுஷங்களுக்கு?)

அப்போது என் அக்கா மும்பையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். வயிற்றில் புற்றுநோய். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், கூடவே இருந்தார். ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு நாக்கில் எதுவும் உறைக்கவில்லை. பத்து நாளாக ஒரு வாய் சோறு உள்ளே இறங்கவில்லை. சாப்பிட்டுத் தெம்பு வந்தால்தான் அடுத்த ஊசி என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் போனில் அக்கா அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மா, நீ வெப்பியே சங்கராத் தலை கொயம்பு, அது கெடச்சா துன்னுவேன்மா."

அம்மாவுக்கு முழங்கால் வீங்கி வாசற்படி இறங்கவே ஒரு ஆள் வேண்டும். மாமா தங்கியிருந்த லாட்ஜில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். ரயிலில் கொண்டுபோனால் ஊசிப்போய்விடும். ஆகவே குழம்போடு நான் விமானம் ஏறுவதென்று முடிவானது. எங்கள் குப்பத்தில் எனக்கு முன்னால் விமானம் ஏறிய ஒரே ஆள் என் தோஸ்து செல்வம். அதுவும் ஒரே ஒரு தடவை. அதனால் அவன்தான் எங்களுக்கு விமானத் துறை.

"தண்ணி கிண்ணி கையில எடுத்துகினு போவ உட மாட்டானுங்க மாமு. கொயம்பும் தண்ணிதான?" என்றான்.

"பெரிய பெட்டில வெச்சு லக்கேஜ்ல போட்டுட்டா?"

"தூக்கிக் கடாசுவானுங்க. டப்பா ஒடஞ்சிடும்."

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அதோடு நின்றதுதான், இன்றுவரை.) குழம்பு தண்ணியாக இருந்தால்தானே பிரச்சினை? உறையவைத்துவிட்டால் அது கட்டி. கட்டியை யார் தடுக்க முடியும்? அம்மா விடியற்காலையில் மாங்காய் போட்டு வைத்த குழம்பை, ரெண்டு சங்கரா மீன் தலையோடு, ஒரு பெரிய மூடி டப்பாவில் ஊற்றினேன். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, எங்கள் ஃபேக்டரியில் ஐஸ் உறையவைக்கிற உப்புத்தண்ணித் தொட்டியில் மறுநாள் வரைக்கும் இறக்கிவைத்தேன். எடுத்தபோது கருங்கல். தெர்மாகோல் பெட்டியில் செய்தித்தாள் சுற்றி வைத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். நல்ல காரியமென்று புது வெள்ளைச் சட்டை வேறு.

செக்கிங்கில் பெட்டி மெஷினுக்குள் போனது. பெல்ட் நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ரெண்டு சங்கராவும் வாயைப் பிளந்துகொண்டு, பல் முதற்கொண்டு தெரிந்தன.

"என்னய்யா இது?" நல்லவேளை, தமிழ் தெரிந்தவர்.

"மீன் கொயம்பு சார். ஆனா தண்ணி இல்ல, கட்டி. தட்டிப் பாருங்க."

தட்டினார். டொக் டொக் என்றது. அவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. "இரு, மேலதிகாரி வரட்டும்" என்றார். அக்கா விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

மேலதிகாரி வர அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் மேஜைமேல் டப்பா வேர்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயமாக இருந்தது, நிஜமாகவே. "சார், ஏ.சி.ய கொஞ்சம் ஏத்த சொல்லுங்க சார்" என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருவேளை டப்பாவைப் பார்த்து ஊதியிருக்கவும் கூடும், ஞாபகமில்லை.

மேலதிகாரி வந்தார். தன்மையான மனுஷர். "கட்டின்னு எப்படி நம்பறது?" என்று கேட்டார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐஸ் பாரை கேனிலிருந்து எப்படி எடுப்போம் தெரியுமா? கேனைச் சாதாத் தண்ணியில் ஒரு முக்கு முக்குவோம். ஓரம் மட்டும் லேசாக இளகும். அப்படியே கவிழ்த்தால் முழு பாரும் சர்ரென்று வழுக்கி வெளியே வந்துவிடும். எட்டு வருஷமாக, தினமும், நான் செய்த வேலையே அதுதான்.

நான் மூடியைத் திறந்து, "பாருங்க சார், கட்டி!" என்று டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தேன்.

முழுக் குழம்பும் ஒரே கட்டியாக வழுக்கி, என் நெஞ்சில் மோதி, தரையில் விழுந்து சிதறியது. இளகியிருந்த மசாலா பூராவும் வெள்ளைச் சட்டையில். ஒரு சங்கராத் தலை மேலதிகாரியின் பூட்ஸைத் தொட்டுக்கொண்டு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. நான் மண்டிபோட்டு, உடைந்த துண்டுகளை டப்பாவில் அள்ளிப்போட ஆரம்பித்தேன். "வேணாம்பா, தரையில விழுந்தது. சீக்காளிக்குக் குடுக்கக் கூடாது" என்று அந்த முதல் அதிகாரிதான் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். டப்பா குப்பைத் தொட்டிக்குப் போனது. நான் மும்பைக்குப் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் ரெண்டு மணி நேரமும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குள் வெறுங்கையோடு நுழைந்தேன். அக்கா பாதியாக இளைத்துக் கிடந்தாள். பக்கத்தில் போய் நின்றதும் கண்ணைத் திறந்தாள்.

"அம்மா வந்துகீதா?"

"இல்லக்கா. நான்தான்."

"பொய் சொல்லாத. அம்மா கொயம்பு வாசனை வருது."

சட்டையைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். ஏ.சி.யை ஏற்றச் சொன்ன இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், இருமல் வந்து, கண்ணில் தண்ணி வந்து, நர்ஸ் ஓடிவருகிற அளவுக்குச் சிரித்தாள். மாமா அழுதார். பிறகு அவளே, "சோறு இருந்தா குடுடா" என்றாள். ஆஸ்பத்திரித் தயிர்சாதத்தை ஊட்டினேன். என் சட்டைக் கையை மூக்கோடு பிடித்துக்கொண்டே பாதித் தட்டு சாப்பிட்டாள். அந்த வாரம் அடுத்த ஊசி போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஏழு மாசம் இருந்தாள். ஊர் திரும்பி அந்தக் குழம்பைச் சாப்பிட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால், "தம்பி, செக்கிங் ஆச்சா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் சோறு இறங்காது. அம்மா மட்டும் அந்தச் சிரிப்பில் சேரமாட்டாள்.

முதல் வருஷப் படையலன்று, இலையில் சங்கராத் தலைக் குழம்பை வைக்கும்போது பார்த்தேன். கரண்டியிலிருந்து அது இறங்கவே இல்லை. அவ்வளவு கெட்டி.

"இன்னாமா, இப்டி சுண்ட வெச்சிகிற?"

அம்மா அக்கா படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கட்டியா வெச்சிகிறேன்டா. இந்தத் தபா உட்டுடுவானுங்க."