கொல்லையில பழகின நீச்சல்

இந்த வருசம் மரவள்ளிக் கெழங்குல கையே வைக்கிறதில்லைன்னு முடிவு பண்ணேன். கொல்லையில கால் காணி கெழங்கு. கூலிக்கு ஆளு கெடைக்கல. போன வருசம் நானும் கூடச் சேந்து புடுங்கி, ஒரு வாரம் சட்டைப் பட்டன் போடக்கூடக் கை தூக்கல.

"அப்ப நான் மட்டும் புடுங்கணுமாங்க?"ன்னு கேட்டா என் பொண்டாட்டி இசைவாணி. அவ கத்தவே மாட்டா. எனக்கு அதான் பயம்.

"பந்தயம் வெச்சிக்கலாம்"னேன்.

"இன்னா பந்தயம்?"

"நம்ம கெணத்துல நீச்சல். தோத்தவங்க புடுங்கணும்."

மலையில நல்ல மழை. வடக்கனந்தல்ல எங்க கெணறு படி மூழ்கி நிக்குது. சின்ன வயசுல அதுலயே கெடந்தவன் நான். அவளுக்கும் நீச்சல் தெரியும், ஆனா என் அளவுக்கு வராது.

"சரிங்க, இருபது நாள் கழிச்சு வெச்சிக்கலாம். ஒடம்பத் தேத்திக்கோங்க"ன்னா.

அன்னிக்கே குதிச்சுப் பாத்தேன். நாலு கை போட்டதும் மூச்சு வாங்கிடுச்சி. மோட்டார் பைப்பைக் கட்டிப் புடிச்சிக்கினு தொங்கினேன்.

ஃபோன் வீடியோவுல ஒரு கோச்சு பேசினாரு. நீச்சலுக்குப் பலம் தண்ணிக்கு வெளியதான் வரணுமாம். ரப்பர் பட்டையக் கட்டி இழுக்கணும், குனிஞ்சு கனம் தூக்கணும், தோளும் தொடையும் முறுக்கேறணும்னாரு. நான் பட்டைக்கு எங்க போறது?

"பட்டை இன்னாத்துக்குங்க?" வெங்காயம் உரிச்சிக்கினே சொன்னா இசைவாணி. "வருசா வருசம் கெழங்கு புடுங்கின தோளு இது. தண்ணில நான் போறதப் பாருங்க."

ரகசியத்த உளறிட்டாளே! எனக்கே பாவமா இருந்துச்சி.

மறுநாள் விடியக்காலம் அவ பால் கறக்கற நேரமாப் பாத்து ஒரு வரிசை புடுங்கினேன். குனி, தண்டப் புடி, காலை ஊணு, இழு. அப்படியே கோச்சு சொன்ன மாதிரி. ஒரு வரிசை கம்மியானா அவளுக்குத் தெரியவா போவுது? புடுங்கினதை எங்க மறைக்கறதுன்னுதான் கவலை. அதுக்கும் சாமி வழி காட்டுச்சி. சிப்ஸ் கடை தமிழரசன் வண்டியோட வரப்போரம் வந்து நின்னான்.

"அண்ணே, கெழங்கு இருக்குதா?"

தினமும் வந்தான். தினமும் ஏத்திக்கினு போனான். தடயமே இல்ல. எனக்கும் ஆசை ஜாஸ்தியாச்சு. ரெண்டு வரிசை, அப்புறம் நாலு. கண்ணாடியில தோளைப் பாத்தேனே தவிர கொல்லையப் பாக்கல.

பந்தயத்தன்னிக்குக் குதிச்சோம். எதிர்ச் செவுத்தத் தொட்டுட்டு நான் திரும்பி வந்துட்டேன், அவ பாதியிலதான் வந்துக்கினு இருந்தா. அடேயப்பா, எனக்கு வந்த சந்தோஷம்!

"தோத்தியா?"

"தோத்துட்டேங்க." முடியப் புழிஞ்சிக்கினே சொன்னா. மொகத்துல வருத்தமே இல்ல. "சொன்ன சொல்லு மாற மாட்டேன். வாங்க, புடுங்கறேன்."

வரப்புல ஒக்காந்து வேடிக்கை பாக்கலாம்னு பின்னாடியே போனேன். கொல்லை மொத்தமும் வெறும் மண்ணு. மூலையில ஒரே ஒரு செடி நின்னுது.

"தமிழரசன... நீதான் அனுப்பினியா?"

"பின்ன? புடுங்கின கெழங்கு ரெண்டு நாள்ல கெட்டுப் போவாதாங்க?"

குனிஞ்சா. அந்த ஒத்தச் செடியப் புடுங்கினா. மண்ணை ஒதறி என் கையில கொடுத்தா.

"தூக்கிக்கினு வாங்க. தோளுக்கு நல்லது."