சங்கஷ்டியன்று நான் ஊட்டிய பிஸ்கட்

மார்க் குறைந்தவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காமலேயே விளக்கம் சொல்வார்கள். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் மரியாதைக்கு "என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டால், "பி.எஸ்சி. நர்சிங்" என்பதோடு நிறுத்த மாட்டார்கள். "ரெண்டாவது வருஷம் எனக்கு டைபாய்டு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இந்த வியாதி எனக்கு நன்றாக முற்றிப்போயிருந்த சமயத்தில் நடந்தது இது.

என் மொத்த மதிப்பெண் ஐம்பத்தைந்து புள்ளி ஒன்று சதவீதம். அந்தப் புள்ளி ஒன்றை நான் எங்கேயும் விட்டுக்கொடுத்ததில்லை. (பெண் பார்க்க வந்தபோதுகூடச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ ஜாதக விஷயம் என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.) மருந்தியலில் மட்டும் இரண்டு முறை கவிழ்ந்தேன். நம்ம ஊரில் அரியர் என்பதைப் புனேயில் ஏ.டி.கே.டி. என்பார்கள். பெயர் கம்பீரமாக இருந்ததால், விமானப்படையில் வேலை பார்த்த என் அப்பா அதை லோஹேகாவ் குவார்ட்டர்ஸில் இரண்டு நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த மார்க்கை வைத்துக்கொண்டுதான் நர்ஸ் பிராக்டிஷனர் மேற்படிப்புக்கு ஆசைப்பட்டேன். அது ஐ.சி.யூ. நர்ஸுகளுக்கான இரண்டு வருடப் படிப்பு. முடித்தால், நோயாளியின் நிலை மாறும்போது சில முடிவுகளை நாமே எடுக்கலாம், சில மருந்துகளை நாமே எழுதலாம். எட்டு வருடமாக ஐ.சி.யூ.வில் இருந்தேன். ஒருவருடைய மூச்சு மாறுவதை முதலில் பார்க்கிறவள் நான். பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டு, அவர் எடுக்கும்வரை கட்டிலருகே நிற்கிறவளும் நான்தான். அந்த நிற்றல் எனக்குப் பிடிக்கவில்லை, அவமானமாகக்கூட இருந்தது. இரண்டு கல்லூரிகள் என் மார்க்கைப் பார்த்ததுமே விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டன. மூன்றாவது கல்லூரி நேர்முகத்துக்கு அழைத்தது. வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போய்ப் படிக்க முடியாத எனக்கு அதுதான் கடைசிக் கதவு.

என் கணவர் செந்திலுக்குக் கோயம்புத்தூர். ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை. எந்தப் பிரச்சினையையும் வரைபடமாக்கிவிட்டால் பாதி தீர்ந்தது என்று நம்புகிற ஜாதி.

"இங்க பாரு கண்ணு, மார்க்க ஒளிச்சு வெக்கறதுதான் தப்பு. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாமளே எடுத்துப் போட்டுரோணும். கதையாச் சொல்லோணும்."

"என்ன கதைங்க? படிக்கல, அதான் கதை."

"அப்படியெல்லாம் சொல்லப்படாது. வளர்ச்சின்னு சொல்லு."

புனே வாகட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து என் நான்கு வருடத்தையும் கலர் கலராக ஒரு கோடாக வரைந்தார். கோடு கீழே இறங்குகிற இடங்களில் எல்லாம் பச்சை அம்பு மேலே பார்த்தபடி இருந்தது. கூடவே எட்டு நிமிட உரையும் எழுதிக்கொடுத்தார். ஒரு வாரம் மனப்பாடம் செய்தேன். குக்கர் விசில்கூட அந்த உரையின் நடுவில்தான் வந்தது.

நேர்முக அறையில் இருவர் இருந்தார்கள். ஒருவர் கல்லூரி முதல்வர், கேரளத்துப் பெண்மணி. மற்றவர் லிமயே சார், அறுபதைத் தாண்டிய மூத்த பேராசிரியர். மே மாதம். மின்விசிறி சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"உங்களைப் பற்றி இரண்டு வரி சொல்லுங்கள்" என்றார் முதல்வர்.

நான் வரைபடத்தை மேஜைமேல் விரித்து, முதல் வருட உடற்கூற்றியலில் இருந்து ஆரம்பித்தேன்.

ஐந்தாவது நிமிடம் டைபாய்டுக்கு வந்திருந்தேன். அப்போதுதான் லிமயே சாரைக் கவனித்தேன். கண்கள் பாதி மூடியிருந்தன. நெற்றி முழுக்க வியர்வை. வலது கை நெஞ்சில். உதடுகள் சத்தமில்லாமல் நடுங்கின. "சார்?" என்றேன். பதில் இல்லை.

எனக்குள் இருந்த எட்டு வருட ஐ.சி.யூ. துள்ளி எழுந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது!

"ஐயோ, சாருக்கு சுகர் இறங்கிருச்சு! நகருங்க!" என்று சுத்தத் தமிழ்நாட்டுக் குரலில் கத்தினேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு மேஜையைச் சுற்றி ஓடினேன். எங்கள் வேலையில் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது என்பதால் நர்ஸுகளின் கைப்பையில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். அதைப் பல்லால் கிழித்தேன். பேராசிரியரின் தாடையை நிமிர்த்தி, ஒரு முழு பிஸ்கட்டை வாய்க்குள் வைத்து, கீழே விழாமல் உள்ளங்கையால் பொத்தியும் பிடித்துக்கொண்டேன்.

கண்கள் பட்டென்று திறந்தன. அவ்வளவு தெளிவான கண்களை நான் எந்த நோயாளியிடமும் பார்த்ததில்லை. திகைப்பில் அவர் ஒரு வாய் மென்று விழுங்கியும் விட்டார். பிறகு என் கையைத் தட்டிவிட்டு, என்ன செய்துவிட்டாய், இன்று எனக்குச் சங்கஷ்டி விரதம் என்று மராத்தியில் கத்தினார்.

"அரே, காய் கேலஸ்! ஆஜ் மாஜி சங்கஷ்டி ஆஹே!"

நம்மவர்கள் சங்கடஹர சதுர்த்தி என்பதுதான் இங்கே சங்கஷ்டி. நிலவு எழுந்து, பிள்ளையாருக்குப் படைத்த பிறகே சாப்பாடு. அதுவரை ஜவ்வரிசி கிச்சடி, வேர்க்கடலை, பழம் ஆகும். கோதுமை, மைதா ஆகவே ஆகாது. புனேயிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

"இருபத்திரண்டு வருஷம்" என்றார் லிமயே சார், மீசையில் ஒட்டிய தூளைத் தட்டியபடி. "இருபத்திரண்டு வருஷமாக ஒரு சங்கஷ்டி தவறியதில்லை."

"சார், கண்ணை மூடியிருந்தீர்கள், உதடு நடுங்கியது..."

"ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன், அம்மா. நீ இரண்டாம் வருடத்தை விட்டு வெளியே வருவதாகத் தெரியவில்லை. அதற்குள் ஒருமுறை முடித்துவிடலாமே என்று பார்த்தேன்."

முதல்வர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பேனாவைத் திறந்து நிதானமாகக் கேட்டார்.

"நாடி பார்த்தீர்களா?"

"இல்லை, மேடம்."

"தோளைத் தட்டிக் கூப்பிட்டீர்களா?"

"இல்லை, மேடம்."

"நினைவு சரியில்லை என்று நீங்கள் நினைத்த ஒருவருக்கு வாய் வழியாகத் திட உணவு கொடுத்தால் என்ன ஆகும்?"

முதல் வருட மாணவியும் தூக்கத்தில் சொல்வாள். "மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும், மேடம்" என்றேன். சொல்லும்போதே காது சுட்டது. ஐ.சி.யூ.வில் எட்டு வருடத்தில் ஒருமுறைகூடச் செய்யாத தப்பு அது. இடம் கிடைக்க வேண்டும் என்ற பதற்றம் என் அறிவை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டிருந்தது. அந்த வருடப் பட்டியலில் என் பெயர் இல்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அழுதேன். செந்தில் ஹெல்மெட்டுக்குள் அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்தேன். அதே அறை, அதே இருவர். என்னைப் பார்த்ததும் லிமயே சார் தன் நாற்காலியை ஒரு முழம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"முதல் கேள்வி" என்றார். "இன்றைக்கு என்ன திதி?"

"பஞ்சமி, சார். பார்த்துவிட்டுத்தான் வந்தேன்."

"நல்லது. மார்க் ஏன் இவ்வளவு குறைவு?"

வரைபடம் இல்லை, அம்பும் இல்லை. "படிக்கவில்லை, சார். அப்போது இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை. வார்டுக்கு வந்த பிறகுதான் பிடித்தது. பிடித்த பிறகு ஒரு நாளும் படிக்காமல் இருந்ததில்லை."

அவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, மணிக்கட்டை என் முன்னால் நீட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன்.

"எழுபத்தெட்டு, சார். சீராக இருக்கிறது."

"பசிக்கவும் இல்லை" என்றார் அவர். முதல்வர் இந்த முறை சிரித்துவிட்டார். எனக்கு இடம் கிடைத்தது.

இன்றைக்கு நான் நர்ஸ் பிராக்டிஷனர். ஐ.சி.யூ.வில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகக் கண்ணை மூடிச் சாமி கும்பிட முடியாது. "வெரசாக் கும்பிடுங்க, அவ பையத் தொறக்கறா" என்பார் செந்தில். எங்கள் மகள் யாழினிக்குத் தமிழ் தடுமாறும், மராத்தி தண்ணீர்பட்ட பாடு. இந்தக் கதையை அவள் எங்கள் குடியிருப்பில் வீடு வீடாக, நடித்தே காட்டியிருக்கிறாள். அது வெகுநாள் எனக்குத் தெரியாது.

போன வருடம் எங்கள் குடியிருப்பின் கணபதி விழாவுக்கு, டியூட்டி முடிந்து, சீருடையோடு, தோளில் பையோடு தாமதமாக ஓடினேன். ஆரத்தி முடிந்து எல்லோரும் கண்ணை மூடி நின்றிருந்தார்கள். யாழினி திரும்பிப் பார்த்து, "ஆயீ ஆலீ!" என்று குரல் கொடுத்தாள். அம்மா வந்தாச்சு என்ற அந்த ஒரு அறிவிப்புக்கு, முன்வரிசையில் இருந்த பன்னிரண்டு பேரும், தட்டைப் பிடித்திருந்த புரோகிதர் உட்பட, கண்ணைத் திறக்காமலேயே கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.