மாதிரி எடுத்தாங்க

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் அலுவலகத்தில் உள்ளவர்களும் நலமாக இருப்பதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன. நான் நேரில் விசாரிக்கவில்லை. உங்கள் தொழிலில் அது தேவையில்லை என்று தெரிந்துகொண்டேன். நாங்கள் நலமாக இல்லை.

நடைப் போட்டியில் மூன்றாவதாக வந்த வீராங்கனையைப் பற்றி ‘ஊக்கமருந்து எடுத்தார்: தந்தையே பகீர் வாக்குமூலம்’ என்று உங்கள் தளத்தில் சிவப்பு எழுத்தில் போட்டீர்களே, அந்த வீராங்கனையின் தம்பி நான். பேனர் அச்சடிக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். அக்கா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாளெல்லாம் ஈரப் போர்வையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாலையில் புறவழிச்சாலை ஓரமாக நடப்பாள். நடைப் போட்டியில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், ஓடினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். எங்கள் தெருக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கவே பல வருடங்கள் ஆயின. “நடக்கறதுக்கெல்லாமா பதக்கம் குடுக்கறான்? அப்ப எனக்கும் குடுக்கணுமே” என்று சிரித்தவர்கள், உங்கள் செய்தியைப் பார்த்த பிறகு, “நடக்கறதுக்கே மருந்து எடுக்கணுமா?” என்று சிரித்தார்கள். அவள் கடைசியாக வந்துகொண்டிருந்த காலத்தில் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பல நாள் ஒன்றும் சாப்பிடாமல்தான் நடக்கிறாள் என்று தெரிந்திருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் நிருபர் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். அப்பா எடுத்தார். அப்பா பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவைப் பிறந்ததிலிருந்து ‘வாடி, போடி’ என்றுதான் பேசுவார். பதக்கம் வாங்கியதிலிருந்து அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. ‘தூங்குறாங்க’, ‘குளிக்கப் போயிருக்காங்க’ என்றுதான் சொல்கிறார். அம்மாவே முதலில், “யாருங்க வந்திருக்காங்க?” என்று எட்டிப் பார்த்தாள். அந்த மரியாதையோடு உங்கள் நிருபரிடம் அவர் சொன்னது இது: “கோட்டைத் தாண்டின உடனே பக்கத்து ரூமுக்குப் போயி ஊக்கமருந்து மாதிரி எடுத்தாங்க. எல்லாருக்கும் அந்தக் குடுப்பினை இல்ல தம்பி. முதல் மூணு பேருக்குத்தான்.”

ஜெயித்தவர்களிடம் அதிகாரிகள் சோதனைக்குச் சிறுநீர் மாதிரி எடுப்பார்கள், அதுவே ஒரு கௌரவம் என்பது அப்பா சொல்ல வந்தது. அக்கா ஊக்கமருந்து போல என்னவோ எடுத்துக்கொண்டாள் என்பது உங்கள் நிருபருக்குப் புரிந்தது. ‘மாதிரி’யும் ‘எடுத்தாங்க’வும் சேர்ந்து எங்கள் குடும்பத்தைக் கவிழ்த்துவிட்டன. ஒருமையில் பேசியே பழகிய மனிதர் ஒரே ஒரு தடவை மகளுக்கு மரியாதை கொடுக்கப்போய் இப்படி ஆயிற்று.

மறுநாளே உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த உதவி ஆசிரியர் ஒருவர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்.

“தம்பி, இது உங்கப்பா குரல்தானே?”

“ஆமா.”

“எடுத்தாங்கன்னு சொல்றாரா, இல்லையா?”

“சொல்றாரு. அது அதிகாரிங்க எடுத்தாங்க சார்.”

“அதிகாரிங்க எதுக்குப்பா ஊக்கமருந்து எடுக்கணும்? அவங்களா நடந்தாங்க?”

“செய்தியில ‘குடும்பத்துக்கு நெருங்கிய வட்டாரங்கள்’னு போட்டிருக்கீங்களே, அது யாரு?” என்றேன். “உங்கப்பாதான்” என்றார். பனியனோடு, ஒரு கையில் பல்துலக்கியை வைத்துக்கொண்டு பேசிய என் அப்பா உங்கள் கணக்கில் ‘தந்தை’ ஒன்று, ‘வட்டாரங்கள்’ ஒன்று, ஆக இரண்டு ஆதாரம். “எங்கக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றேன். “சம்பந்தப்பட்டவங்க எப்படியும் இல்லைன்னுதான் சொல்லப்போறாங்க, அதை எதுக்குக் கேட்டுக்கிட்டு?” என்றார். இதை அவர் வெட்கப்படாமல் சொன்னார் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் போட்ட சத்தத்தில் அன்று மாலையே மறுப்பு வெளியிட்டீர்கள். ‘மருந்து எடுத்த மாதிரி இல்லை: தம்பி விளக்கம்.’ இதைப் படித்தவர்கள், மருந்துச் சோதனைக்கு எடுத்த மாதிரி இப்போது இல்லை, அதாவது பாட்டிலைக் காணவில்லை என்று புரிந்துகொண்டார்கள். இன்னொரு தளம் ‘மாதிரி மாயம்!’ என்று போட்டது. அதை வெளிநாட்டில் ஒரு தளம் கணினியில் போட்டு மொழிபெயர்த்தது. அந்தக் கணினிக்கு மாதிரி என்றால் மாடல். ஊக்கமருந்து விளம்பரத்தில் நடித்த மாடல் ஒருத்தியைக் காணவில்லை என்று அங்கே செய்தி வந்தது. அதை எடுத்து நீங்கள், ‘வெளிநாட்டு ஊடகங்களும் உறுதி செய்தன’ என்று மறுபடியும் போட்டீர்கள். உங்கள் வாந்தியை நீங்களே பரிசோதித்து, அது வாந்திதான் என்று சான்றிதழும் கொடுத்துக்கொண்டீர்கள்.

எங்கள் குடியிருப்புச் செயலாளர், “நம்மாளு தப்பாப் போடுவான் தம்பி, வெளிநாட்டுக்காரன் போடுவானா?” என்றார். அக்காவிடம் நடை பழகிய பெண்களை வீட்டில் அனுப்பவில்லை. ஒருத்திக்குப் பரீட்சை, ஒருத்திக்கு மூட்டுவலி, இன்னொருத்தி வீட்டில் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. அடுத்தது முச்சந்தியில் இருக்கும் செருப்புக் கடைக்காரர். அவர்தான் அக்கா படத்தைப் போட்டு வாழ்த்துப் பேனர் வைத்திருந்தார். எங்கள் கடைக்கு வந்து, “நான் உங்கக்காவைச் சந்தேகப்படலப்பா. வர்றவன் சந்தேகப்படுவான். பேனர் வீணாப் போக வேணாம், அவங்க முகத்து மேல நம்ம புது மாடல் ஒண்ண ஒட்டிடு” என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். அச்சடித்தது நான். ஏணி போட்டு ஏறி ஒட்டியதும் நான்தான். ஐயா, என் அக்காவின் முகத்தில் என் கையாலேயே செருப்பை ஒட்டினேன். கீழே நின்ற ஒரு ஆள், “கொஞ்சம் இடது பக்கம் தம்பி, கண்ணு தெரியுது” என்றான்.

அதை அக்காவும் பார்த்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. ஒட்டுப்போட்ட ஷூவைப் பையில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, வேலைக்குப் போனாள், வந்தாள், சுவரைப் பார்த்துப் படுத்தாள். புறவழிச்சாலைப் பக்கம் போகவே இல்லை. இத்தனை வருடத்தில் காய்ச்சலுக்குக்கூட நடப்பதை நிறுத்தாதவள்.

உலகத்தில் ஊக்கமருந்து எடுப்பவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள். பழைய போட்டி ஒன்றில் அக்காவை முந்திப் போன இரண்டு பேர் பின்னால் ஒரு சோதனையில் சிக்கியும் இருக்கிறார்கள். டாக்டர் வைத்துக்கொண்டு, அளந்து எடுக்கிறவர்கள். அதனால்தான் சோதனை கட்டாயம் வேண்டும் என்று அக்கா எப்போதும் சொல்வாள். சந்தேகப்படுங்கள், தப்பில்லை. சந்தேகப்படுகிறவனுக்கு விசாரிக்கிற வேலையும் இருக்கிறது. அந்த வேலையை உங்கள் ஆட்களில் ஒருத்தரும் செய்யவில்லை. செய்தது எங்கள் மாடிவீட்டுப் பெண். பத்தாம் வகுப்பு படிக்கிறாள், குடியிருப்பில் எல்லோரும் வாயாடி என்பார்கள். போன வாரம் கதவைத் தட்டினாள். அக்கா எழுந்து போனாள்.

“அக்கா, நேராக் கேக்கறேன். மருந்து எடுத்தீங்களா, இல்லையா?”

“இல்லடி.”

“அம்மா மேல சத்தியமா?”

“எங்கம்மா மேலயா, உங்கம்மா மேலயா?”

“உங்கம்மா மேலதான். எங்கம்மாவை எதுக்கு இழுக்கறீங்க?”

“சத்தியமா இல்லடி.”

“அப்ப எதுக்கு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கீங்க? குத்தவாளி மாதிரி! ஷூவை எடுங்க. இருட்டிடும்.”

அவ்வளவுதான் விசாரணை. நான் பரணில் ஏறினேன். அன்று இரண்டு பேர்தான் நடந்தார்கள். நேற்று பார்த்தபோது பரீட்சைக்காரியும் மூட்டுவலிக்காரியும் சேர்ந்திருந்தார்கள். மூட்டுவலிக்காரி எல்லோருக்கும் முன்னால் போனாள். வாயாடி, “எங்கிட்டயும் ஒரு நாள் மாதிரி எடுக்க வைக்கறேன் பாருங்க!” என்று கத்திக்கொண்டே போனாள். பேருந்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சிரித்தாள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அந்தச் செய்தியை நீக்க வேண்டும். அதே சிவப்பில், அதே அளவில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இனிமேல் உங்கள் நிருபர் எங்கள் வீட்டுக்குப் போன் செய்யவே கூடாது. உங்கள் செயலியை வீட்டிலுள்ள எல்லா போனிலிருந்தும் அழித்துவிட்டேன். நீங்கள் என்ன போட்டாலும் எங்களுக்கு இனி ஒன்றுதான்.

உங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து, பதக்கங்கள் வாங்கி, உங்கள் வீட்டு வாசலில் நிருபர்கள் வந்து நிற்கும் நாளை நீங்கள் காண வேண்டும் என்று மனதார வாழ்த்தி,

இப்படிக்கு,
நடக்கிறவளின் தம்பி

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டும் நேரத்தில் சோதனை முடிவு வந்துவிட்டது. அக்கா சுத்தம். விளையாட்டுச் சங்கம் முத்திரையோடு அனுப்பிய தாளை அப்பா செயலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “உங்க பையன் வேலை பாக்கறதே அச்சடிக்கிற கடையில சார். நியூஸ்ல வரட்டும், பாப்போம்” என்றார். எந்த நியூஸ் என்று கேட்டோம். உங்களுடையதைத்தான் சொன்னார். செருப்புக் கடைக்காரரும் அதையேதான் சொல்கிறார். எனவே மேலே எழுதியிருப்பதை எல்லாம் தயவுசெய்து விட்டுவிடுங்கள். செயலியை மறுபடி இறக்கிக்கொண்டேன். உங்கள் நிருபரையே போன் செய்யச் சொல்லுங்கள். இந்தத் தடவை அப்பா பேசமாட்டார், அக்காவே பேசுவாள். என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும், ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்வாள். மாலையில் மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருக்கமாட்டாள்.