ஐந்து நாட்டு வங்கியும் சமையலறைக் குழாயும்

லேப்டாப்பில் வங்கிக்காரரின் முகம் தெரிந்த அதே நொடி, சமையலறைக் குழாய் கணவனின் கையோடு வந்துவிட்டது.

"சொட்டுற சத்தம் உனக்குத் தொந்தரவா இருக்குமேன்னு லேசா இறுக்கினேன்..." என்றான், பீறிட்ட தண்ணீருக்குப் பின்னாலிருந்து.

குடிநீர் வாரிய இன்ஜினியரான அவளுக்கு இது சாதாரண இன்டர்வியூ இல்லை. பணக்கார நாடுகளின் வாசலில் கடனுக்காகக் காத்துக் கிடந்து அலுத்துப்போன ஐந்து வளரும் நாடுகள், சொந்தப் பணத்தைப் போட்டு ஆரம்பித்த வங்கி. உள்ளே நுழைந்துவிட்டால், தண்ணீரே பார்க்காத ஊர்களுக்கெல்லாம் குழாய் போடலாம்.

"பேசுங்க மேடம்," என்றார் காதில் ஹெட்போன் மாட்டியிருந்த வங்கிக்காரர்.

"வணக்கம் சார்! அந்தந்த நாட்டுப் பணத்துலயே கடன் கொடுக்கறீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது. டாலர் ஏறினா கடனும் சேர்ந்து ஏறாது..."

"ஏம்மா, மெயின் வால்வை மூடிட்டேன்!" மொட்டை மாடியிலிருந்து மாமனார் கத்தினார்.

தண்ணீர் இப்போது கூரையைத் தொட்டது.

"மாமா, அது திறக்கற பக்கம்!"

"நிறுத்தாதீங்க, பேசிக்கிட்டே இருங்க," என்றார் வங்கிக்காரர்.

ஓகோ, பதற்றத்தில் எப்படி நடந்துகொள்கிறாள் என்று பார்க்கிறார்கள்! அவளுக்கு உற்சாகம் தலைக்கேறியது. லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தாள். கணவன் குழாய் வாயில் தலையணையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"தலையணை எதுக்குங்க?"

"கையில அதுதான் கிடைச்சுது!"

"கேமராவைக் கொஞ்சம் திருப்புங்க மேடம்."

செய்முறைத் தேர்வு வேறா! லேப்டாப்பை மேடையில் வைத்துக் குழாய்ப் பக்கம் திருப்பினாள். ஒரு கேரட்டைப் பாலித்தீன் பையில் சுற்றி, குழாய்க்குள் திருகி, துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள். "பெரிய திட்டமோ சின்ன வீடோ, முதல்ல கசிவை அடைக்கணும் சார்!"

தண்ணீர் நின்றது.

"பிரமாதம்!" என்று கட்டைவிரலை உயர்த்தினார் அவர்.

"வேலை கிடைச்சாச்சு!" என்று கணவன் குதித்து, வழுக்கி விழுந்தான். குடையோடு இறங்கி வந்த மாமனார், "என் மருமகளுக்கு அஞ்சு நாட்டு வங்கியில வேலை!" என்று போனில் யாருக்கோ சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, படபடப்போடு கேட்டாள். "எப்போ சார் வேலையில சேரணும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது மேடம், நான் மைக்கும் கேமராவும் வேலை செய்யுதான்னு பாக்கற டெக்னீஷியன், இன்டர்வியூ நாளைக்குத்தான்."