இடது கைக்கு இடமில்லை

மனிதனுக்கு நோய் வருவது இயற்கை. அந்த நோய்க்கு ஓர் எண் வருவது நிர்வாகம். இரண்டும் நடந்து முடிந்த பிறகே ஒருவர் முறைப்படி நோயாளி ஆகிறார் என்பது அந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

கீழ்த்தளத்தில்தான் ஆவணப் பிரிவு இருந்தது. வீட்டுக்குப் போன நோயாளிகளின் கோப்புகள் அங்கே வந்து சேரும். டாக்டர் எழுதியதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய குறியீட்டைப் போட வேண்டும். முதலில் ஓர் எழுத்து, அப்புறம் வரிசையாகச் சில எண்கள். எந்த எலும்பு, எந்தப் பக்கம், எப்படி விழுந்தார், விழுந்த இடம் சமையலறையா படிக்கட்டா என்பது வரைக்கும் அதில் அடங்கிவிடும். எந்த மருந்தை எவ்வளவு வாங்குவது, எந்த வார்டைப் பெரிதாக்குவது என்று மேலிடம் முடிவு செய்வது இந்த எண்களைப் பார்த்துத்தான். ஆளைப் பார்ப்பது டாக்டரின் வேலை. அதுவும் நேரம் கிடைத்தால்.

குறியீடு போடுபவரை எல்லாரும் நம்பர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவர். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு போனதால், கோப்புகளைத் தூக்கட்டும் என்று கீழே அனுப்பிவிட்டார்கள். வந்த முதல் நாளே ஆவணக் கண்காணிப்பாளர் தொழிலின் அடிப்படையை இரண்டே வரியில் சொல்லி முடித்தார்.

"டாக்டர் எழுதாதது நடக்கல. டாக்டர் எழுதினது நடந்திருச்சு. அவ்வளவுதாம்மா."

ஒரு நாள் ஒரு தச்சரின் கோப்பு வந்தது. ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர். டாக்டர் எழுதிய சுருக்கத்தில் 'வலது மணிக்கட்டு எலும்பு முறிவு' என்று இருந்தது. எக்ஸ்ரே அறிக்கையில் இடது. நர்ஸ் குறிப்பில், 'இடது கையில் மாவுக்கட்டு. நோயாளி இடது கைப் பழக்கம் உள்ளவர். வேலை போச்சே என்று புலம்புகிறார்.'

குறியீட்டில் வலதுக்கு ஓர் எண், இடதுக்கு வேறு எண். நம்பர் அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், இது இடது கை."

"டாக்டர் என்ன எழுதியிருக்கார்?"

"வலதுன்னு. ஆனா எக்ஸ்ரேல..."

"எக்ஸ்ரே என்ன, டாக்டரா? சந்தேகம்னா டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாம். அதுக்கு வழி இருக்கு."

நம்பர் அக்கா ஒரு தாளில் 'இடது கையா டாக்டர்?' என்று எழுதினார். கண்காணிப்பாளர் அதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"என்னம்மா இது! பதிலை நாமளே டாக்டர் வாயில ஊட்டக் கூடாது. அது விதிமீறல்." அவரே ஒரு கேள்வியைத் தயாரித்தார். 'மேற்படி நோயாளிக்கு மேற்படி முறிவு ஏற்பட்ட மேற்படி கை எது என்பதைத் தெளிவுபடுத்துமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.'

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. 'ஆம்.'

இரண்டாவது கேள்வியில் கட்டம் போட்டு அனுப்பினார்கள். வலது, இடது, மற்றவை, தீர்மானிக்க இயலவில்லை. டாக்டர் 'மற்றவை' கட்டத்தில் அழகாக டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

கண்காணிப்பாளர் வெகுநேரம் யோசித்தார். "மற்றவைன்னா... காலா இருக்குமோ?"

"மணிக்கட்டு சார்!"

பொறுக்க முடியாமல் நம்பர் அக்கா மாடி ஏறி எலும்பு டாக்டரையே பார்க்கப் போனார். வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஒரு கிழவரின் முழங்காலை அழுத்திக்கொண்டே பேசினார்.

"மா, இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா சுருக்கம் தானா வந்துரும். அதுல 'வலது'ன்னு ஏற்கெனவே இருக்கு. அதை இடதுன்னு மாத்த எட்டு இடத்துல கிளிக் பண்ணணும். நான் எலும்பைப் பார்க்கவா, கிளிக் பண்ணவா?"

"அப்போ எல்லாருக்கும் வலதுதானா டாக்டர்?"

"கட்டு சரியான கையிலதானே போடறேன்? ஒரு வருஷமா யாராவது புகார் சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லைதான். நம்பர் அக்கா கீழே வருவதற்குள் கண்காணிப்பாளர் அந்தக் கோப்பில் வலதுக்குரிய எண்ணைப் போட்டு மூடிவிட்டிருந்தார். நம்பர் அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரு எண்தானே என்று மனசைச் சமாதானம் செய்ய முயன்றார். மனசு சமாதானம் ஆகவில்லை.

அந்த எண் அங்கேயே கிடந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் மருத்துவமனைக்குப் புதிதாக ஒரு தர அதிகாரி வந்திருந்தார். புள்ளிவிவரங்களை வண்ண வண்ணமாகப் படம் போட்டுப் பார்ப்பதில் அவருக்கு அலாதிப் பிரியம். 'தரவு பேசும்' என்று அவருடைய மேசையில் ஒரு பலகையே இருந்தது. அது பேசியதைக் கேட்டு அவர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"இந்த வருஷம் மணிக்கட்டு உடைஞ்சவங்க இருநூத்திப் பதினாலு பேர். அத்தனை பேருக்கும் வலது கை! நூத்துக்கு நூறு!"

நம்பர் அக்கா கடைசி வரிசையில் எழுந்து நின்றார். "சார், ஒருத்தர்கூட இடது கையை உடைச்சுக்காம இருக்க முடியுமா?"

"அதைத்தான்மா நானும் சொல்றேன். இடது கை பத்திரமா இருக்கு. ஆபத்து வலது கைக்குத்தான்."

'வலது கை காப்போம்' இயக்கம் அன்றே பிறந்தது. ஊழியர்கள் எல்லாருக்கும் வலது மணிக்கட்டில் நீலப் பட்டை. இரண்டே வாரத்தில் அது நாகரிகமாகிவிட்டது. புடவைக்கு ஏற்ற நிறத்தில் பட்டை, வார்டு வாரியாகப் பட்டை, பெரிய டாக்டர்களுக்குத் தோல் பட்டை. உடம்பில் ஒரு கோளாறும் இல்லாத பார்வையாளர்கள் எதிர்க் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். படிக்கட்டில் வலப்பக்கக் கைப்பிடியைப் பிடிப்பதால்தான் வலது கைக்குச் சுமை கூடுகிறது என்று ஒரு துணைக்குழு கண்டுபிடித்தது. வலப்பக்கக் கைப்பிடிகளை எல்லாம் கழற்றிவிட்டார்கள். பிடிமானம் இல்லாமல் விழுந்தவர்கள் பட்டை போட்ட கையைக் காப்பாற்ற இடது கையை ஊன்றினார்கள். டாக்டர் பட்டனை அமுக்கினார். வலது கை முறிவு இன்னும் கூடியது. இயக்கம் எவ்வளவு அவசியம் என்பது இதனால் நிரூபணமாயிற்று.

ஆறு வாரம் கழித்துத் தச்சர் மாவுக்கட்டைப் பிரிக்க மனைவியோடு வந்தார். கட்டுப் பிரிக்கும் அறையில் இருந்தவர் திரையைப் பார்த்தார், தச்சரைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"உங்களுக்கு வலது கையிலதானே கட்டு?"

"இதோ இருக்கே, இடது கையில!"

"அது எங்க கட்டு இல்ல. எங்க போட்டீங்களோ அங்கயே போய்ப் பிரிச்சுக்கங்க."

"இங்கதான்யா போட்டீங்க! இதே ரூம்ல!"

"ரெக்கார்டுல இல்லையே. ரெக்கார்டைப் பார்த்துத்தான் பிரிக்கணும்னு இந்த மாசம் புது உத்தரவு."

ரெக்கார்டு கீழ்த்தளத்தில் இருந்ததால் இருவரும் கீழ்த்தளத்துக்கு வந்தார்கள். தச்சரின் மனைவி முதலில் பேச ஆரம்பித்தார்.

"அம்மா, ஒன்றரை மாசமா இவரு ஒரு ஆணி அடிக்கல. பள்ளிக்கூடத்துக்கு நாற்பது பெஞ்சு செய்யற வேலை கைவிட்டுப் போச்சு. கட்டுக்குள்ள அரிக்குதுன்னு என் பின்னல் ஊசியை விட்டுச் சொறியறாரு. இந்தக் கட்டைப் பிரிக்க யாரு கால்ல விழணும்னு சொல்லுங்க, விழறேன்."

நம்பர் அக்கா அவர்களைத் தர அதிகாரியிடமே அழைத்துப் போனார். அவர் தச்சரின் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து மலர்ந்துபோனார்.

"கட்டே இல்ல! முழுசா ஆறிடுச்சு! தழும்புகூட இல்லையே!"

"உடைஞ்சாத்தானே சார் ஆறணும்?" என்றார் தச்சர்.

"அடக்கமான மனுஷன்," என்று பாராட்டிவிட்டுத் தர அதிகாரி அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பினார்.

கோப்பைத் திருத்த எலும்பு டாக்டரின் கையெழுத்து வேண்டும். அவர் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார், வர இரண்டு வாரம் ஆகும். தச்சரின் விரல் நுனிகள் வெளிறி இருந்ததைக் கவனித்த நம்பர் அக்காவுக்குப் பழைய வார்டு நினைப்பு வந்துவிட்டது. அவர்களை நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனார்.

"டாக்டர், பழைய கோப்பை விடுங்க. புதுச் சீட்டு போட்டுக்கலாம். இவர் கையில கண்ணால பார்க்கறதை மட்டும் எழுதுங்க."

அவசரப் பிரிவு டாக்டர் எழுதினார்: 'இடது கையைச் சுற்றி இறுக்கமான வெளிப்பொருள். உடனே அகற்றவும்.' அதற்கு ஒரு குறியீடு இருந்தது. எல்லாவற்றுக்கும் இருக்கிறது. நாலே நிமிடத்தில் மாவுக்கட்டு தரையில் விழுந்தது. தச்சர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம்பர் அக்கா நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

விஷயம் பரவாமல் இருக்குமா? இடது கையில் கட்டோடு அலைந்தவர்கள் எல்லாரும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். வாசல் காவலாளியே வழி சொல்ல ஆரம்பித்தார்: "வலது கையா, கட்டு ரூமுக்குப் போங்க. இடது கையா, அவசரப் பிரிவுல வெளிப்பொருள்னு சொல்லி டோக்கன் வாங்கிக்கங்க."

மூன்றாம் மாதம் தர அதிகாரியின் படத்தில் ஊதா நிறத்தில் ஒரு புதுத் தூண் எழும்பி நின்றது. இந்த ஊரில் ஏதோ ஒன்று மக்களின் இடது கையைப் பிடித்துக்கொள்கிறது! 'இடது கை வெளிப்பொருள் தடுப்பு உயர்நிலைக் குழு' அமைந்தது. 'உங்கள் இடது கையை ஏதேனும் பற்றினால் உடனே தெரிவிக்கவும்' என்று சுவரெங்கும் ஒட்டினார்கள். கைகோத்து நடந்துவந்த ஒரு தம்பதியை நிறுத்தி, யார் யாரைப் பற்றியது என்று காவலாளி விசாரித்தார். முன்னெச்சரிக்கையாக இடப்பக்கக் கைப்பிடிகளும் போயின.

விஷயம் மேலிடத்துக்கு எட்டி, ஆய்வாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். கோட்டு போட்ட, சிரிக்காத மனிதர். மண்டபம் நிறைய ஆட்கள். தர அதிகாரி ஊதாத் தூணை விளக்கி முடித்ததும், நம்பர் அக்கா எழுந்தார்.

"சார், அது மர்மப் பொருள் எல்லாம் இல்ல. மாவுக்கட்டு. நாமதான் போட்டோம். வலதுன்னு எழுதிட்டு இடதுல போட்டோம். அதை வெளிப்பொருள்னு பதிஞ்சது நான்தான்."

யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். கண்காணிப்பாளர் கூரையைப் பார்த்தார். எலும்பு டாக்டர் தோல் பட்டையைச் சரிசெய்தார். கட்டு அறைக்காரர் இருமினார்.

ஆய்வாளர் கேட்டார்: "நீங்க சொல்றது எழுத்துல எங்கயாவது இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ உட்காருங்க."

கூட்டம் முடிந்து, மருத்துவமனையின் விழிப்புணர்வைப் பாராட்டி ஒரு கேடயமும் கொடுத்த பிறகு, ஆய்வாளர் மெதுவாகக் கீழ்த்தளத்துக்கு வந்தார். அறையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கோட்டின் இடது கையைச் சற்று மேலே தூக்கினார். உள்ளே அழுக்கேறிய மாவுக்கட்டு.

"எங்க ஊர் ஆஸ்பத்திரிலம்மா. அங்கயும் அதே பட்டன்தான்," என்றார் தாழ்ந்த குரலில். "ஒன்பது வாரமாச்சு. பிரிக்க மாட்டேங்கறாங்க. அந்த வெளிப்பொருள் சீட்டு... எந்தக் கவுண்டர்ல கொடுக்கறாங்க?"

நம்பர் அக்கா கவுண்டரைச் சொன்னார். கைப்பிடி இல்லாத படியில் சுவரைத் தடவித் தடவி ஆய்வாளர் ஏறிப் போனார். அவருக்குக் கிடைத்தது முப்பத்தோராவது டோக்கன். முப்பதாவது டோக்கனோடு, இடது கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்தபடி, தர அதிகாரி நின்றுகொண்டிருந்தார்.