முட்டைக்குள் திபேரியஸ்

பூஜை அறைத் தட்டில் பளபளவென்று மின்னிய வெள்ளிக் காசையும், அதிலிருந்த ரோமானியச் சக்கரவர்த்தி திபேரியஸின் நெற்றியில் குங்குமத்தையும் பார்த்ததும் குழந்தைவேலு தட்டை வெடுக்கென்று இழுத்தான்.

"சட்டைப் பையில இருந்திச்சி. புளி போட்டுத் தேய்ச்சேங்க. வெள்ளிய இப்படியா அழுக்கா வச்சிகினு இருப்பாங்க?" என்றாள் மனைவி அமிர்தம், பெருமையோடு.

"அடிப்பாவி! அது எங்க ஆபீசரோடது. அழுக்கில்லடி, ரெண்டாயிரம் வருஷத்துக் கறுப்பு!"

சுரங்கத்தில் அவனுடைய அதிகாரி மாடசாமிக்கு அந்தக் காசுதான் உயிர். "கறுப்புதான்யா இதுக்கு அழகு. விரல் படப்படாது" என்று சொல்லி, கிளப் கண்காட்சிக்குக் கண்ணாடிப் பெட்டி செய்து வரக் கொடுத்திருந்தார். குழந்தைவேலுவை நைட் ஷிப்டிலிருந்து ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றும் சிபாரிசும் அவர் கையில்தான் இருந்தது. மகள் சத்யப்பிரியா அப்பாவை விழித்த நிலையில் பார்ப்பதே அபூர்வம்.

"நெய்வேலில கரிக்கா பஞ்சம்?" என்று அமிர்தம் நிலக்கரித் தூளைப் பூசித் தேய்த்தாள். தூள் உதிர்ந்துவிட்டது. சக்கரவர்த்தியின் கன்னத்தில் கீறல் மட்டும் தங்கியது.

கற்பூரப் புகையில் காட்டினார்கள். மூக்குக்குக் கீழே மட்டும் கரி அப்பிக்கொண்டது.

"மீசையோட இப்பதான் நம்மூரு ஆளாட்டம் இருக்காரு."

"நீ கொஞ்சம் வாய மூடு."

துடைத்ததில் மீசை தாடியாயிற்று.

அவித்த முட்டையின் மஞ்சள் கருவோடு மூடி வைத்தால் வெள்ளி கறுக்கும் என்றது செல்போன். எட்டு முட்டையை அவித்து உதிர்த்து, டிபன் பாக்ஸில் திபேரியஸைப் புதைத்தார்கள். மறுநாள் கறுப்பு பிரமாதம். நாற்றம்தான் தாங்கவில்லை. ஜவ்வாது தடவிப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்து குடலைப் புரட்டியது.

மாடசாமியின் குவார்ட்டர்ஸில் குழந்தைவேலு பெட்டியை நீட்டினான். ஜெனரல் ஷிப்ட் போச்சு என்று முடிவே கட்டிவிட்டான்.

மாடசாமி காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியது.

"சார்... அது வந்து..."

காப்பியோடு வந்த மாடசாமியின் மனைவி உமாராணி எட்டிப் பார்த்தாள்.

"எத்தனை முட்டை வச்சீங்க அண்ணாச்சி? போன மாசம் நான் தெரியாமத் தேய்ச்சப்ப, இவுக ஒரு டஜன் வச்சும் இந்தக் கறுப்பு வரலையே!"